அவன் மறந்துவிட்டுப் போகவில்லை

கால்டர்வுட் பள்ளி, வெர்மான்ட்
12 அக்டோபர் 1986

அன்புள்ள மெரில் அண்ணா,

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, கொழுத்துப்போய் இருக்கிறேன். அம்மாவின் விரல் வெட்டு ஆறிவிட்டதா? மீன் டப்பா ஆலையில் கத்தரிக்கோலோடு ஓட்டப் பந்தயம் வேண்டாம் என்று சொல்லு. அப்பாவின் இடுப்பு எப்படி? படகுக்குப் புது எஞ்சின் போட்டாயிற்றா?

இங்கே மரங்களெல்லாம் சிவந்துவிட்டன. என் அறைத்தோழி ஃபிலிப்பா நல்லவள். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேசை அவளுடையது. அவள் கூப்பிட்டால்தான் அங்கே உட்காரலாம். என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். முதல் நாளே கேட்டாள், "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று. "கடல் சம்பந்தமான தொழில்" என்றேன். "கப்பலா?" என்றாள். நான் சும்மா சிரித்தேன். பொய் சொல்லவில்லையே அண்ணா? இதை அப்பாவிடம் சொல்லாதே.

இலக்கிய வகுப்பில் ஆன்செல் என்று ஒரு பையன். பென்சில்வேனியாவில் ஏதோ இரும்பாலை ஊர். திக்குவாய். அவனைப் படிக்கச் சொன்னார்கள், முதல் வரி முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கணக்கில் மட்டும் புலி. என் நோட்டில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, எதுவும் பேசாமல் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுப் போனான். தனியாகத்தான் சாப்பிடுவான் அந்த ஆன்செல்.

அம்மாவுக்கு ஒரு முத்தம். உனக்கு ஒரு குத்து.

ரோவீனா


டன்னிங் தீவு, மெய்ன்
26 அக்டோபர் 1986

அருமை ரோ,

கொழுத்துவிட்டாய் என்று கேட்டு மகிழ்ச்சி. அடுத்த கோடையில் இறால் பிடிக்கும் கூடு தூக்க ஆள் தேடவேண்டாம். அம்மா விரல் ஆறிவிட்டது. அப்பா இடுப்பு அப்படியேதான், ஆனால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறார். கல் மாதிரிதான் இருக்கிறார், குனிய முடியவில்லை.

இந்த வாரம் சிங்கி இறால் நன்றாக விழுந்தது. எஞ்சின் பழையதே. அதைத் திட்டினால்தான் கிளம்புகிறது. நான் திட்டுவதை விட அம்மா திட்டினால் சீக்கிரம் கிளம்புகிறது.

கடல் தொழில் விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. கப்பல் என்று கேட்டால் அவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனாலும் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஒரு பக்கக் கடிதத்தில் அறைத்தோழிக்கு எவ்வளவு இடம், அந்தத் திக்குவாய்ப் பையனுக்கு எவ்வளவு இடம் என்று நீயே பார். என்ன விஷயம்டி?

உடம்பைப் பார்த்துக்கொள். கால் நனைந்தால் உடனே காலுறை மாற்று.

உன் குத்தை வாங்கிக்கொண்ட
மெரில்


கால்டர்வுட்
18 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணா,

காலுறை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலமாக இருக்கவேண்டும் என்று ஞாயிறு பிரார்த்தனையில் வேண்டிக்கொள்கிறேன், மற்ற நேரம் தூங்கிவிடுகிறேன்.

உனக்கு மூக்கு நீளம். சரி, சொல்கிறேன். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது.

ஏரிக்கரையில் பழைய படகுக் கொட்டகை இருக்கிறது. மாலையில் அங்கே போவோம். அவன் பேசினால் நேரமாகும், ஆனால் சொல்லி முடிக்கும்போது அது கேட்கத்தக்கதாக இருக்கும். எனக்குப் படகுக் கயிறு முடிச்சு தெரியும் என்றதும் எல்லா முடிச்சும் போடக் கற்றுக்கொண்டான். அவனிடம் மட்டும்தான் அப்பா இறால் பிடிக்கிறார், அம்மா மீன் வெட்டுகிறாள் என்று சொல்லியிருக்கிறேன். "எ-எங்கப்பா ஆலைய மூ-மூடிட்டாங்க. நீங்க பணக்காரங்க" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

குளிர் அதிகமானால் அவனுடைய கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிடுகிறான். அவனுக்கே தொளதொளவென்று இருக்கும், எனக்கு முழங்கால் வரை வருகிறது. அவனுக்கு ஆஸ்துமா வேறு. வேண்டாமென்றால் கேட்பதில்லை.

இங்கே யாருக்கும் தெரியாது. கொட்டகையிலிருந்து அவன் ஒரு வழியாகவும் நான் வேறு வழியாகவும் திரும்புவோம். ஃபிலிப்பாவுக்குத் தெரிந்தால் அந்த மேசையில் எனக்கு இடம் இருக்காது. அவனுக்கு இதில் வருத்தமில்லை. அப்படித்தான் சொல்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன். எனக்கு மீன் குழம்பு வேண்டும்.

ரோ


கால்டர்வுட்
9 பிப்ரவரி 1987

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறேன். எல்லோரும் நலமா?

கிறிஸ்துமஸிலிருந்து வந்தபிறகு எழுதவில்லை, பாடம் நிறைய. இங்கே பனி இடுப்பளவு. போன ஞாயிறு விடுதிகளுக்கு இடையே பனிச்சறுக்குப் பந்தயம் நடந்தது. அதில் ஒரு பையன் இறந்துவிட்டான். காட்டுப் பாதையில் மூச்சு நின்றுவிட்டது. வகுப்புகள் இல்லை என்று விட்டுவிட்டார்கள், இப்போது மறுபடி நடக்கின்றன.

அம்மா அனுப்பிய கையுறை சரியாக இருக்கிறது. நன்றி சொல்லு.

வேறு செய்தி இல்லை.

ரோவீனா


டன்னிங் தீவு
16 பிப்ரவரி 1987

ரோ குட்டி,

இங்கே எல்லோரும் முழுசாக இருக்கிறோம். நீ எப்படி என்று உன் கடிதத்திலிருந்து தெரியவில்லை. ஒரு பையன் இறந்தான் என்று எழுதுகிறாய், பெயர் எழுதவில்லை. அம்மா கையுறையைப் பற்றி எழுதுகிறாய்.

கடையிலிருந்து உன் விடுதிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ரோ தூங்குறா. நீங்க யாரு?"

"அவ அண்ணன்."

"ஓ! கப்பல்காரங்களா?"

"ஆமாம்மா, முப்பதடிக் கப்பல். அங்க ஒரு பையன் செத்துட்டானாமே, யாரு?"

"ஆன்செல்னு ஒருத்தன். எங்க யாருக்கும் பழக்கமில்ல. ரோவுக்கும்தான். அவன் மருந்த எடுக்காமப் போயிட்டான், அவன் தப்புதான். பாவம்."

ரோவுக்கும் பழக்கமில்லை என்றாள். போனை வைத்துவிட்டுக் கடைக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வந்து கூட்டிக்கொண்டு போகவா? ஒரு வார்த்தை எழுது, வருகிறேன். சாப்பிடு. சாப்பிட்டாயா என்று எழுது.

உன் அண்ணன்
மெரில்


கால்டர்வுட்
1 மார்ச் 1987

அண்ணா,

வராதே. சாப்பிடுகிறேன். எல்லோர் நலமும் கேட்டதாகச் சொல்லு.

உன்னிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். படித்தபிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ அது நியாயமாகத்தான் இருக்கும்.

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, கொட்டகையில் கடுங்குளிர். கோட்டை எனக்குப் போட்டுவிட்டான். யாரோ வருகிற சத்தம் கேட்டு நான் அப்படியே ஓடிவந்துவிட்டேன். அறைக்கு வந்து கட்டிலுக்கு அடியில் திணித்தேன். அதன் பையில் இன்ஹேலர் இருந்தது. எனக்குத் தெரியும் அண்ணா. ஓடும்போது தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

ஞாயிறு காலை நாங்கள் அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் நேராக எங்கள் மேசைக்கு வந்தான். அதுவரை வந்ததே இல்லை.

"ரோ... எ-என் கோ-கோ..."

"கோழியா?" என்றாள் ஃபிலிப்பா. "ஐயையோ, இவனுக்குக் கோழி வேணுமாம், யாராவது புடிச்சுக் குடுங்கப்பா!"

மேசையே சிரித்தது. அவன் மறுபடி ஆரம்பித்தான். "கோ-கோ-" அதைத் தாண்டி வரவில்லை. ஒருத்தி கோழி மாதிரிக் கையை அடித்துக் காட்டினாள்.

"ரோ, உன் பேரச் சொல்றான்டி. உனக்குத் தெரிஞ்சவனா?"

நான் சொன்னேன்: "யாருன்னே தெரியாது. ஆளு மாத்திப் பேசுறான்போல."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. எனக்காகக் கூச்சப்படுவது மாதிரி பார்த்தான். "சா-சாரி" என்றான். அந்த வார்த்தை மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது. போய்விட்டான்.

சாப்பிட்டதும் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஃபிலிப்பா ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்தால் எங்கே என்று கேட்பாள். முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தாள். கடைசியில் கோட்டைத் தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். பந்தயம் கிளம்பிப் போய்விட்டது. அவன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனானாம்.

நர்ஸிடம் வேறு இன்ஹேலர் இருக்குமே, ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஞாயிறு காலை நர்ஸ் அறை பூட்டியிருக்கும். ஆசிரியரிடம் சொல்லவேண்டுமானால் மறுபடி வாயைத் திறக்கவேண்டும். அந்தக் காலையில் அவனுக்கு அதற்கு மனம் வந்திருக்காது.

கோட்டு இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எல்லோரும் அவன் மறந்துவிட்டுப் போனான் என்கிறார்கள். நானும் தலையாட்டினேன்.

ரோ


டன்னிங் தீவு
21 மார்ச் 1987

ரோ,

அம்மா, அப்பா சுகம்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது தபாலின் குற்றமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். ஒன்றில் உன்மேல் தப்பே இல்லை என்று எழுதியிருந்தேன். இரண்டையும் அனுப்ப முடியவில்லை.

இப்போது எழுதுவதைக் கேள். அந்தக் குளிரில், அந்த ஏற்றத்தில், மருந்து இருந்தாலும் அவன் பிழைத்திருப்பானோ மாட்டானோ. யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாதே. போன பையன் போனான். நீ சொன்னால் உதவித்தொகை போகும், படிப்பு போகும். அம்மா ஆலையில் பக்கத்து மேசைக்காரிகளிடம் உன் மதிப்பெண்களை ஒப்பித்துக்கொண்டே மீன் வெட்டுகிறாள். அவளுடைய முகத்தை நினைத்துப் பார்.

விடுமுறைக்கு வரும்போது அந்தக் கோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மெரில்


கால்டர்வுட்
27 ஏப்ரல் 1987

அன்புள்ள அண்ணா,

விடுமுறை முடிந்து சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த பலகாரம் வழியிலேயே தீர்ந்தது. வீட்டில் இருந்தபோது நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ கோட்டை வாங்கிக்கொண்டாய், நான் கொடுத்தேன், இருவரும் இறால் கூடுகளுக்குச் சாயம் அடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நேற்று இங்கே ஆன்செலுக்கு நினைவுக் கூட்டம். அவன் அம்மா வந்திருந்தார். குள்ளமாக, ஒட்டவெட்டிய நரைமுடியோடு. தலைமையாசிரியர் பேசினார். "சிறு கவனக்குறைவு, ஒரு நிமிட மறதி, ஓர் உயிர்" என்றார். மருந்து சாப்பிடுகிற மாணவர்கள் எல்லோரும் இதிலிருந்து பாடம் கற்கவேண்டும் என்றார். அவனைப் பாடமாக்கிவிட்டார் அண்ணா.

பிறகு அந்த அம்மா எழுந்தார். யாரும் பேசச் சொல்லவில்லை.

"என் புள்ள மறதிக்காரன். நான்தான் சரியா வளக்கல. உங்க எல்லாருக்கும் கஷ்டம் குடுத்துட்டான், மன்னிச்சிருங்க" என்றார். எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். எங்களிடம்.

போகும்போது பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு அருகே நின்றார். "போன்ல சொன்னான், இங்க ஒரு பொண்ணு இருக்கா, அவன் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பான்னு. யாரும்மா அது? ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

ஃபிலிப்பா என் காதில், "பாவம், கற்பனைல ஒருத்திய வச்சிருந்திருக்கான்" என்றாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் நின்றுவிட்டு, "சரி, சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வீட்டுக்குப் போகப்போகிறேன். அந்தக் கோட்டு வேண்டும். எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவே இல்லை. அனுப்பிவை.

அப்பா இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு.

ரோ


டன்னிங் தீவு
5 மே 1987

அன்புத் தங்கைக்கு,

ஒத்தடம் கொடுக்கிறோம். பலன் தெரிகிறது.

கோட்டை அனுப்ப முடியாது. நீ பஸ் ஏறிய அன்றே ஓர் உடைந்த கூட்டுக்குள் வைத்துக் கட்டி, ஆழத்தில் போட்டுவிட்டேன். இந்தக் கையால்தான். போடும்போது பெரிய காரியம் செய்கிறேன், தங்கையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். கயிறு போய் முடிந்ததும் படகில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா, "என்னடா, வாந்தியா?" என்றார். "ஆமா" என்றேன். இருபது வயதுக்கு மேல் படகில் எனக்கு வாந்தி வந்ததே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பேசாமல் இரு என்று உனக்கு எழுதினேன். பேசாமல் இருந்தாய். அந்த அம்மா வரிசைக்கு அருகே நின்றபோது உன்னை உட்காரவைத்தது என் கடிதமும்தான். உன் வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு, தனியாக எடுத்துக்கொள்ளாதே.

தனியாகப் போகாதே. அடுத்த வெள்ளி லாரியை எடுத்துக்கொண்டு வருகிறேன். பள்ளியில் வீட்டுக்குப் போவதாகச் சொல்லு. கையில் கோட்டு இல்லாமல்தான் போகவேண்டும். அதை யார் தொலைத்தார் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

மெரில்


கால்டர்வுட்
20 மே 1987

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? வழியில் எங்காவது நிறுத்தித் தூங்கினாயா? திரும்பும்போது முழுவதும் வானொலியை வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் ஓட்டிவந்ததற்கு நன்றி. வண்டியில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அவன் அம்மா கதவைத் திறந்ததும், அவனோடு படித்தவள் என்றேன். அவ்வளவுதான், கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். கசகசா ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தார். "சாப்புடு, சாப்புடு, எவ்ளோ தூரம் வந்திருக்க!" நான் சாப்பிடுவதற்குமுன் சொல்லிவிடவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். எங்கேயும் நிறுத்தாமல் சொன்னேன். கோழி என்று சிரித்ததைச் சொன்னேன். யாரென்றே தெரியாது என்றதையும் சொன்னேன்.

அவர் தட்டை எடுக்கவும் இல்லை, மறுபடி சாப்பிடச் சொல்லவும் இல்லை. பிறகு கேட்டார்.

"நீதானா அது? காத்திருக்கிற பொண்ணு?"

"ஆமா."

"அன்னிக்குக் காத்திருந்தியா?"

"இல்ல."

பக்கத்து அறையில் அவன் அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அங்கே போய் நின்றார். "கேட்டீங்களா?" என்றார். "அவன் மறந்துட்டுப் போகல. மருந்த மறக்கல. போய்க் கேட்டிருக்கான். அந்த வாய வச்சிக்கிட்டு, அத்தன பேரு முன்னாடி போய்க் கேட்டிருக்கான்." தொலைக்காட்சி நின்றது. பிறகு அந்த அம்மா அழுதார். சாவு வீட்டில் அழுவது மாதிரி இல்லை, அண்ணா. மூன்று மாதமாக அவர்கள் இருவரும் அந்த மறதிக்காக அவனைத் திட்டியும், திட்டியதற்காக அழுதும் இருந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "அந்த வாத்தியாரு என் புள்ளைய மறதிக்காரன்னு அத்தன பேருக்கும் முன்னாடி சொன்னாரு. நீயும் அத்தன பேருக்கும் முன்னாடிதான் சொல்லணும். அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வராத. உன்னப் பாத்தா எனக்குப் பொறுக்காது."

நான் வெளியே வந்தபோது அவன் அப்பா உன் வண்டிக்கு அருகே நின்றிருந்தார். என்ன பேசினீர்கள் என்று நீயும் சொல்லவில்லை.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீ சொல்லாதே.

ரோ


டன்னிங் தீவு
2 ஜூன் 1987

அன்பு ரோ,

பத்திரமாக வந்தேன். அப்பா குனிந்து தன் பூட்ஸைத் தானே மாட்டிக்கொண்டார், வீட்டில் திருவிழா.

அந்த மனிதர் ஜன்னலுக்கு அருகே வந்து நின்றார். நான் இறங்கினேன்.

"நீதான் அவ அண்ணனா?"

"ஆமா சார்."

"கோட்டு எங்க?"

"கடல்ல போட்டுட்டேன். அவளுக்குத் தெரியாம நான்தான் போட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கையைத் தொங்கவிட்டு நின்றேன். அவர் என் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு அளவு பெருசா வாங்கினேன். வளர்ற பையன், அடுத்த வருஷமும் ஆகும்னு."

"நல்ல கோட்டு சார்" என்றேன். முட்டாள். ஆனால் அவர், "ஆமா, நல்ல கோட்டு" என்றார். பிறகு, "உன் டயர்ல காத்து கம்மியா இருக்கு, முக்குல பங்க் இருக்கு, அடிச்சிட்டுப் போ" என்றார். அடித்துக்கொண்டுதான் வந்தேன்.

உன் கடிதம் அம்மாவுக்கும் வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தாள். அன்று ஆலைக்குப் போகவில்லை. மறுநாள் போனாள். பக்கத்து மேசைக்காரிகள் உன் படிப்பைப் பற்றிக் கேட்டார்களாம். "என் பொண்ணு ஒரு தப்பு பண்ணிட்டா, அதச் சரிபண்ணப் பாக்குறா" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாள், எனக்குச் சொன்னதும் அவ்வளவுதான்.

எப்போது சொல்லப்போகிறாய்? அன்று காலை வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ.

உன் மெரில்


கால்டர்வுட்
21 ஜூன் 1987

மதிப்பிற்குரிய திருமதி ஹ்ருஷ்கா அம்மா அவர்களுக்கு,

நீங்களும் ஐயாவும் உடல்நலத்தோடு இருக்கவேண்டும். உங்கள் கடிதம் கிடைத்தது. என்னை மன்னிக்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியில், அந்த நான்கு மாதம் உங்கள் ஆன்செலை அருகே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான், பார்த்ததை எழுது, எதையும் அழகாக்காதே என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். தலைமையாசிரியரிடம் போனபோது, "தைரியமா வந்து சொன்னியே, அது போதும். இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். இருக்கவில்லை. மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று சொன்னேன். ஆன்செல் மருந்தை மறந்துவிட்டுப் போகவில்லை, என்னிடம் வந்து கேட்டான், நான் அவனைத் தெரியாது என்றேன் என்று. எங்கள் மேசையில் யாரும் நிமிரவில்லை. தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அன்று மாலைப் பிரார்த்தனையில் தான் சொன்னது தவறு என்று ஒரு வரி சொன்னார். அது உங்களுக்கும் எழுத்தில் வரும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் எனக்குத் தெரிவியுங்கள், மறுபடி போய்க் கேட்கிறேன்.

என்னை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த வருடமும் இங்கேதான். இப்போது யாரும் என்னோடு உட்காருவதில்லை. தனியாகச் சாப்பிடும்போது ஒரு கூடம் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இனி நீங்கள் கேட்டது. நாங்கள் முதலில் பேசியது துணி துவைக்கும் அறையில். அடித்தளத்தில் இருக்கிறது, எப்போதும் சோப்பு மணக்கும் நீராவி. நான் என் சிவப்புக் காலுறையை எந்த மிஷினில் போடுகிறோம் என்று பார்க்காமல் எறிந்துவிட்டேன். அதில் ஓடிக்கொண்டிருந்தவை அவனுடைய சட்டைகள். பள்ளிக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை அத்தனையும். வெளியே எடுத்தபோது ரோஜாப்பூ நிறம்.

நான் பயந்துபோய் வெளுக்க வைக்கிறேன், வேறு வாங்கித் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு அவற்றை மடித்து எடுத்துக்கொண்டு போனான். அந்த வாரம் முழுவதும் அதையே போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தான். பள்ளியே சிரித்தது. ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு, வேறு இல்லையா என்று கேட்டார். சனிக்கிழமை நான் மறுபடி அந்த அறைக்குப் போனேன். அவன் இருந்தான். வெளுக்கும் மருந்து வாங்கி வந்திருந்தேன். வேண்டாம் என்று கையைத் தள்ளினான். ஏன் என்று கேட்டேன்.

அவன் அதைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. ஒரு மிஷின் ஓடி நின்றது, இன்னொன்று ஆரம்பித்தது. அம்மா, அன்று நான் காத்திருந்தேன். அவன் சொன்னது இதுதான், அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

"எ-எப்பவும் நான் பே-பேசுறதக் கேட்டுத்தான் சிரிப்பாங்க. இந்த வாரம் ச-சட்டையப் பாத்துச் சிரிச்சாங்க. என் வா-வாய்க்கு ஒரு வாரம் லீவு கெ-கெடச்சுது. இன்னும் ரெ-ரெண்டு காலுற இருந்தா, போ-போடு."

உங்கள் பதிலை எதிர்பார்க்கவில்லை. கேட்டால் இன்னும் எழுதுகிறேன்.

வணக்கத்துடன்,
ரோவீனா பீல்